ஒருநாள் கூலி போனவர்களுக்கு

கொச்சியில் வாத்துருத்தியின் நெருக்கடியான வீடுகளிலும், மட்டாஞ்சேரிச் சந்துகளிலும், போர்ட் கொச்சி வெளி மைதானத்துப் பக்கத்திலும் குடியிருந்து அன்றாடக் கூலிக்குப் போய்வரும் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

2025 ஜூலை 9 அன்று உங்களுக்கு ஒருநாள் கூலி போனது. எந்தத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை எதிர்த்து அன்றைய நாடு தழுவிய பணிமுடக்கு நடந்ததோ, அவை நான்கும் நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. இடையில் நாலரை மாதம்கூட ஓடவில்லை. "அப்புறம் எதுக்குண்ணே கடைய அடைச்சான், பஸ்ஸ நிறுத்துனான்? நம்ம சோத்துல மண்ணு விழுந்ததுதான் மிச்சம்" என்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சங்கத்திலிருந்து யாரும் உங்கள் வாசலுக்கு வந்து பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மலையாளத்தில், மைக்கில் சொல்லியிருப்பார்கள். பஜார் ரோட்டு மண்டிகளில் மிளகுக்கும் சுக்குக்கும் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். எனக்குப் பட்ட பதிலை எழுதுகிறேன். இதில் பாதி உங்களுக்குப் பிடிக்காது. மீதிப் பாதி சங்கத்துக்காரர்களுக்குப் பிடிக்காது.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். பத்து மத்தியத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து அழைத்த பணிமுடக்கு அது. மே 20 அன்று நடக்க வேண்டியது, பஹல்காம் தாக்குதலுக்குப் பிந்தைய போர்ப் பதற்றத்தால் ஜூலைக்குத் தள்ளிப்போனது. நாடெங்கும் 25 கோடிப் பேர் பங்கேற்பார்கள் என்று சங்கங்கள் சொல்லின. பாரதிய மஸ்தூர் சங்கம் விலகி நின்றது. கேரளம் ஏறக்குறைய முழுக்க அடைத்துக் கிடந்தது. தமிழ்நாட்டில் பேருந்துகள் ஓடின, கடைகள் திறந்திருந்தன. இத்தனைக்கும் அழைப்பு விடுத்த பத்துச் சங்கங்களில் அன்று தமிழ்நாட்டை ஆண்ட திமுகவின் தொழிற்சங்கமான தொமுசவும் ஒன்று. ஊரில் இருக்கும் தம்பி வேலைக்குப் போனான், கொச்சியில் இருக்கும் அண்ணனுக்கு வேலையில்லை. இந்தக் கணக்கு உங்களுக்கு எரிச்சலூட்டியதில் வியப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. வேலைக்கு வராத அரசு ஊழியருக்கு அந்த நாளைச் சம்பளமில்லா நாளாக வைக்கும்படி கேரள அரசு உத்தரவு போட்டது. அன்றைய ஆளுங்கட்சியின் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது, அதே கட்சியின் அரசு சம்பளத்தைப் பிடிப்பேன் என்றது. இது கேரள அரசியலின் தனிச்சுவை, போகட்டும். அந்த ஊழியருக்கு மாதச் சம்பளத்தில் ஒருநாள் குறையும், வேலை அங்கேயேதான் இருக்கும். உங்களுக்கு அன்றைய கூலிதான் அன்றைய அரிசி, அன்றைய தண்டல் பாக்கி, ஊருக்கு அனுப்ப ஒதுக்கும் பணம். ஒரே நாள் மூடல், இரண்டு பேருக்கும் ஒரே எடையில் இறங்குவதில்லை. ஒருமைப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த எடை வித்தியாசத்தைப் பேசாமல் விடுவது எனக்கு ஒப்பவில்லை.

இனி உங்களுக்குப் பிடிக்காத பாதி.

நீங்கள் ஏன் திண்டுக்கல்லையும் தேனியையும் விட்டு இங்கே வந்தீர்கள்? கூலிக்காகத்தானே. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 கணக்கில், ஊர்ப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி நாடு முழுமைக்கும் 393 ரூபாய், தமிழ்நாட்டில் ஏறக்குறைய 500, கேரளத்தில் 852. மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் செங்கல் அதே கனம்தான், கலவை அதே கலவைதான். நடுவிலிருக்கும் முந்நூற்றைம்பது ரூபாயைக் கேரளத்து முதலாளிகள் மனமிரங்கிக் கொடுத்துவிடவில்லை. வளைகுடாப் பணம் ஒரு காரணம், உள்ளூரில் வேலைக்கு ஆள் கிடைக்காதது இன்னொரு காரணம், சரிதான். ஆனால் அதற்கெல்லாம் முன்பே, எழுபது எண்பது ஆண்டுகளாக, இந்த மண்ணில் ஆட்கள் வேலையை நிறுத்தி நிறுத்தித்தான் கூலியின் அடிமட்டத்தை மேலே தள்ளினார்கள். உங்கள் மடியில் சனிக்கிழமை விழும் பணத்தில் பழைய வேலைநிறுத்தங்களின் பங்கு இருக்கிறது. அவற்றில் ஒன்று நீங்கள் தினமும் நடக்கும் தெருவிலேயே நடந்தது.

மட்டாஞ்சேரித் துறைமுகத் தொழிலாளர்களின் சாப்பா முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கடல்வாயை ஆழப்படுத்திய பிறகு கொச்சிக்குப் பெரிய கப்பல்கள் வரத்தொடங்கின. 1928-இல் 'பத்மா' என்ற கப்பல் உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. கப்பல் வந்தால் சரக்கிறக்க ஆள் வேண்டும். வேலை நூறு பேருக்கென்றால் வந்து நிற்பவர்கள் பல நூறு பேர். ஆளெடுக்கும் மூப்பன் உலோக வில்லைகளை அள்ளிக் கூட்டத்தின் நடுவே வீசுவான். அந்த வில்லைதான் சாப்பா. எடுத்தவனுக்கு அன்றைக்கு வேலை. எடுக்க முடியாதவனுக்குப் பட்டினி. ஒருவன் கையை இன்னொருவன் மிதிப்பான், ஒருவன் பல்லை இன்னொருவன் உடைப்பான், வீசியவன் வேடிக்கை பார்ப்பான். கூலியைப் பற்றி யாரும் வாயைத் திறக்க முடியாது. திறந்தவன் இருக்கும் பக்கம் மறுநாள் வில்லை விழாது. ஆட்களைத் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ள விட்டுக் கூலியைக் கீழே வைத்திருக்க இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது.

இந்த முறையை எதிர்த்து 1953-இல் வேலைநிறுத்தம் நடந்தது. எழுபத்தைந்து நாள் நீடித்தது. செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆன்டணி என்ற மூன்று தொழிலாளிகளை மட்டாஞ்சேரி தன் தியாகிகளாக இன்றும் நினைவுகூர்கிறது. ஒரு செய்தியை இடையில் சொல்லிக்கொள்கிறேன். அன்று மட்டாஞ்சேரி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. கூப்பிடு தூரத்திலிருக்கும் போர்ட் கொச்சியோ மலபார் மாவட்டத்தோடு சேர்ந்து மதராஸ் மாநிலத்துக்குள் இருந்தது. 1956 நவம்பரில்தான் கேரளத்துக்கு வந்தது. சென்னைக் கோட்டையிலிருந்து ஆளப்பட்ட தெருவுக்கு அடுத்த தெருவில் அந்தத் துப்பாக்கிச் சூடு நடந்தது. இதையெல்லாம் 'மலையாளத்தான் சங்கதி' என்று நாம் ஒதுக்கிவைப்பது சரித்திரப்படியும் பொருந்தாது.

கே.எம். சிதம்பரன் 1968-இல் இதை 'துறமுகம்' என்று நாடகமாக எழுதினார். அவர் மகன் கோபன் சிதம்பரன் திரைக்கதை எழுத, ராஜீவ் ரவி இயக்கத்தில் 2023-இல் அது படமாகவும் வந்தது. நிவின் பாலி நடித்தாரே, அந்தப் படம்தான். தொழிலாளி பெயரில் இயங்கிய சங்கமே கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பக்கம் சாய்வதையும் அது மறைக்காமல் காட்டுகிறது. அதனாலேயே எனக்கு அந்தக் கதை மீது மரியாதை.

நம் விஷயத்துக்கு வேண்டியது அதற்கடுத்து நடந்ததுதான். 1953 செப்டம்பர் 16 அன்று காலையில் மட்டாஞ்சேரியில் யாரையாவது பிடித்துக் கேட்டிருந்தால், நீங்கள் இப்போது சொல்வதையே சொல்லியிருப்பார். பட்டினி கிடந்தோம், பிணம் விழுந்தது, சாப்பா அப்படியே இருக்கிறது. உண்மைதான், அது உடனே ஒழியவில்லை. 1962-இல்தான் ஒழிந்தது. நடுவில் ஒன்பது ஆண்டுகள் பேச்சுவார்த்தை, வழக்கு, மனு, மறியல். துறைமுகத் தொழிலாளர் வேலை முறைப்படுத்தல் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது; அந்தச் சட்டம் இந்தக் கரைக்கு வந்துசேரத்தான் இவ்வளவும் தேவைப்பட்டது. அதன்பின் தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் ஏறியது. முறை வைத்து வேலை வந்தது. கப்பல் இல்லாத நாளிலும் வந்து நின்றதற்கு ஒரு படி கிடைத்தது. வில்லைக்கு அடித்துக்கொண்டவர்களின் பிள்ளைகள் வருங்கால வைப்புநிதி பற்றிப் பேசும் குடும்பங்களில் வளர்ந்தார்கள்.

1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தமும் அப்படித்தான். 17 லட்சம் பேர் வேலை செய்த துறை. மே 8-இல் தொடங்கி 27-இல் நிபந்தனையின்றித் திரும்பப் பெறப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள், பலருக்கு வேலை போனது, ரயில்வே குடியிருப்பிலிருந்து பெண்டுபிள்ளைகளோடு வெளியேற்றப்பட்டவர்கள் உண்டு. பொன்மலையிலோ பெரம்பூரிலோ பழைய ரயில்வேக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அன்று அது படுதோல்வி. 1977-இல் ஆட்சி மாறியதும் நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுக்கப்பட்டார்கள். அப்போது கேட்ட போனஸும் சில ஆண்டுகளில் கிடைத்தது.

வேலைநிறுத்தம் நம் ஊர்ப் பழக்கமில்லை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வரி: 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலையில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் கூலி உயர்வோடும் வார விடுமுறையோடும் முடிந்தபோது, கேரளம் என்ற மாநிலமே பிறக்கவில்லை.

ஆகையால் ஜூலை 9 வீண் என்று இப்போதே தீர்ப்பெழுத நான் தயாரில்லை. வெற்றி என்று எழுதவும் தயாரில்லை. ஒருநாள் அடைப்பு, எழுபத்தைந்து நாள் போராட்டத்துக்கு ஈடாகாது. அது நோட்டீஸ் மட்டும்தான். நோட்டீஸுக்குப் பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி, நவம்பர் 21-இல் வந்த சட்டங்களில் உங்களுக்கு என்ன இருக்கிறது? 29 பழைய சட்டங்களை நான்கு தொகுப்பாக்கியிருக்கிறார்கள். முந்நூறு பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டாம். முன்பு அந்த வரம்பு நூறு. வேலைநிறுத்தம் செய்ய எல்லாத் தொழில்களிலும் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப்பேர் ஒரே நாளில் சேர்ந்து விடுப்பெடுத்தாலே அது வேலைநிறுத்தம். இவையெல்லாம் நிரந்தர வேலை உள்ளவர்களுக்கு வலிக்கும் இடங்கள். 1979-இன் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் போய், அதன் இடத்தில் வந்திருக்கும் பகுதிதான் உங்களைத் தொடுவது. அதில் ஒரு நல்லது உண்டு, அதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. பழைய சட்டம் ஒப்பந்தக்காரர் கூட்டிவந்தவரை மட்டும் வெளிமாநிலத் தொழிலாளி என்றது. புதியது, உங்களைப்போல் தானாகவே பஸ்ஸேறி வந்து வேலை தேடிக்கொண்டவரையும், மாதம் 18,000 ரூபாய் வரை வாங்குகிறவராக இருந்தால், கணக்கில் சேர்க்கிறது. ஆனால் அடுத்த வரியிலேயே ஒரு பூட்டு: அப்படிப்பட்ட பத்துப் பேராவது ஒரே நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். பழைய சட்டத்தில் ஐந்து பேர் போதும். திங்கள்கிழமை ஒரு வீட்டு மதில், செவ்வாய்க்கிழமை இன்னொரு வீட்டு மாடி, புதன் மழை என்று போகும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நிமிர்ந்தாளுக்கும் 'நிறுவனம்' எது? பனம்பள்ளி நகர் அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு எது?

கேரளத்தில் இந்தத் தொகுப்புகளை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று 2025-இல் மாநிலத் தொழிலாளர் அமைச்சராக இருந்த சிவன்குட்டி சொன்னார். சொல்லட்டும். நடைமுறைப்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் காலை ஏழு மணிக்கு நீங்கள் கூலிக்கு நிற்கும் கலூர் முக்கில் எதுவும் மாறாது.

அந்த முக்கைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பா 1962-இல் ஒழிந்தது என்றேன். பதிவேட்டில் பெயர் ஏறியவர்களுக்குத்தான் ஒழிந்தது. கலூரிலும் நகரின் மற்ற முக்குகளிலும் இப்போது நடப்பதைப் பாருங்கள். மேஸ்திரியின் வண்டி வந்து நிற்கிறது. "நாலு பேர்" என்கிறான். பதினைந்து பேர் ஓடுகிறீர்கள். வில்லையை வீசுவதில்லை, விரலை நீட்டுகிறான், அவ்வளவே. நீங்கள் ஆயிரம் கேட்கும்போது பக்கத்தில் நிற்கும் வங்காளத்துப் பையன் எழுநூறுக்கு ஏறிக்கொள்கிறான். உடனே உங்கள் வாயிலிருந்து வரும் பேச்சு என்ன? "இந்த பாய்ங்க வந்துதான் கூலியக் கெடுத்துட்டானுங்க." இதே பேச்சை முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் 'பாண்டிக்காரர்' பற்றி மலையாளிகள் பேசினார்கள். அப்போது உங்கள் அப்பாமார்கள் குறைந்த கூலிக்கு வண்டியேறினார்கள், நானும் பார்த்திருக்கிறேன். முர்ஷிதாபாத்திலிருந்து வந்த அந்தப் பையன் உங்கள் கூலியை எடுக்கவில்லை. பெயர் எங்கும் எழுதப்படாமல் நிற்கும் கூட்டம் எவ்வளவு பெரிதோ, விரல் நீட்டுகிறவனுக்கு அவ்வளவு லாபம். அந்தக் கூட்டத்தில் நீங்களும் அவனும் ஒரே வரிசை.

இப்போது சங்கத்துக்காரர்களுக்குப் பிடிக்காத பாதி. இந்த மடலை யாராவது அவர்களுக்கு வாசித்துக் காட்டினால் நல்லது.

1978-இல் கேரளம் சுமட்டுத் தொழிலாளர், அதாவது சுமைதூக்குவோர், சட்டம் கொண்டுவந்தது. 26ஏ அட்டை வைத்திருப்பவர் பதிவுபெற்ற சுமையாள். அவருக்கு நல வாரியம், போனஸ், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஆனால் அந்த அட்டையைச் சங்கங்கள் குடும்பச் சொத்துப்போல் காவல் காத்தன. உள்ளூர்க்காரருக்குள்ளேயே அது எளிதில் கிடைக்காது, வெளியூர்க்காரர் எந்த மூலைக்கு? கடைசியில் வேலை செய்யாமல் நின்று பார்த்ததற்கே கூலி கேட்கும் 'நோக்குகூலி' வரை போய், 2018 மே தினத்தன்று அரசே அதைத் தடைசெய்ய வேண்டியிருந்தது. சாப்பாவை ஒழித்த ஊரின் சங்கங்கள், ஒழித்த பிறகு கதவை உள்ளேயிருந்து தாழிட்டுக்கொண்டன என்பதே என் குற்றச்சாட்டு. ஜூலை 9 அன்று சாலையை அடைக்க அவர்களால் முடிந்தது. ஜூலை 10 காலையில் கலூர் முக்குக்கு ஒரு நோட்டுப்புத்தகத்தோடு வந்து, "நேற்று எங்களால் உங்களுக்குக் கூலி போச்சு, பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறோம்" என்று சொல்ல ஓர் ஆளும் வரவில்லை. வந்திருந்தால் நீங்கள் இன்று இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள், நானும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

தாங்களாகவே சேர்ந்த தமிழர் இங்கே இல்லாமல் இல்லை. வெளி மைதானத்துப் பக்கம் டோபி கானாவில் துவைப்பவர்களைத் தெரியும்தானே. டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் சீருடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. அவர்களுக்கு மேஸ்திரியும் இல்லை, முதலாளியும் இல்லை. தங்கள் சமூகத்தின் பெயரிலேயே சங்கம் வைத்துக்கொண்டு, 1970களில் கொச்சிப் பெருநகர வளர்ச்சி ஆணையத்திடமிருந்து துவைதொட்டிகளும் கட்டடமும் வாங்கினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் வந்து படமெடுக்கிறார்கள்; அது வேறு கதை. தனித்தனியாகப் போய் நின்றிருந்தால் அந்த நிலம் இன்று ஹோட்டலாகியிருக்கும். கூட்டமாகக் கையெழுத்துப் போட்டார்கள், தொட்டி கிடைத்தது.

உங்களுக்கும் சில பதிவேடுகள் திறந்தே கிடக்கின்றன. ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் 2021-இலிருந்து இருக்கிறது. முப்பது கோடிக்கு மேல் பெயர்கள் ஏறியிருக்கின்றன. பெயர் ஏறியதைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்பீர்கள், எனக்கும் அதே அபிப்பிராயம்தான். ஆனாலும் போடுங்கள். கேரளக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 2010-லிருந்தே வெளிமாநிலத் தொழிலாளருக்குத் தனித் திட்டம் நடத்துகிறது. 'ஆவாஸ்' காப்பீடு 2017-இல் வந்தது. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். சாரத்திலிருந்து விழுந்தவரின் உடலை ஊருக்கு அனுப்ப வாத்துருத்தியில் துண்டு விரித்து வசூல் செய்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பத்து வருஷம் இங்கே இருந்தும் 'நாம வெளியூரு, நமக்கெதுக்கு' என்று அட்டை எடுக்காதவர்கள் உங்களில் எத்தனை பேர்?

அடுத்த பொது வேலைநிறுத்தம் வரத்தான் போகிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தபின் சங்கங்கள் சும்மா இருக்க முடியாது. நோட்டீஸ் ஒட்ட வாத்துருத்திக்கும் வருவார்கள்; தேர்தல் என்றால் தமிழில் சுவரொட்டி அடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கும் அடிக்கத் தெரியும். அப்போது திட்டிவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். உட்காரவைத்துக் கேளுங்கள். உறுப்பினர் சீட்டு எங்கே? எங்கள் முக்கில் ஆளெடுப்பை முறைவைத்து நடத்த, குறைந்தபட்சக் கூலியைப் பலகையில் எழுதிவைக்க, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்? வங்காளத்துப் பையனையும் ஒடிசாக்காரனையும் சேர்த்துக்கொள்வீர்களா? கூலி போகும் நாளுக்கு எங்கள் வீட்டு அரிசிக்குச் சங்க நிதியிலிருந்து என்ன தருவீர்கள்? 1953-இன் எழுபத்தைந்து நாளும் தொழிலாளி வீட்டில் அடுப்பெரிய ஊர் கைகொடுத்திருக்காவிட்டால் அந்தப் போராட்டம் ஏழாவது நாளே முடிந்திருக்கும் என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

பதில் சொன்னால் சந்தா கட்டிச் சேருங்கள், அன்று நீங்களும் நில்லுங்கள். பதில் இல்லையென்றால், வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதை உங்களுக்குள் கூடிப் பேசி எல்லோரும் ஒன்றாகவே முடிவெடுங்கள். அந்தப் பேச்சுக்கு வங்காளத்துப் பையனையும் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
பஜார் ரோட்டுப் பழைய கணக்குப்பிள்ளை ஒருவன்,
மட்டாஞ்சேரி.